அல்சைமர் நோயின் கட்டங்கள்: மூளையில் நடப்பதும் வீட்டில் தெரிவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நினைவாற்றல் சோதனை எடுப்பது என் வேலை. சோதனை முடிந்ததும் பெரியவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவர்கள் மட்டும் திரும்ப உள்ளே வந்து கேட்கும் கேள்விகள், மேலூரிலிருந்து வந்தாலும் உசிலம்பட்டியிலிருந்து வந்தாலும், ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

டிமென்ஷியாங்கிறாங்க, அல்சைமருங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. நினைவு, பேச்சு, கணக்கு, வழி அறிதல் போன்ற திறன்கள் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குக் குறைந்துவிட்ட நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர். உலக அளவில் டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பக்கவாதத்தால் வருவது, லூயி உருண்டைகள் என்ற புரதத் திரட்டுகளால் வருவது, மூளையின் முன்மடலில் தொடங்குவது ஆகியவை வேறு வகைகள். கீழே கட்டங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அல்சைமருக்கு உரியது. மற்ற வகைகள் வேறு வரிசையில் முற்றும்.

எங்கப்பாவுக்கு 72 வயசு. சாவிய வச்ச இடம் தெரியாமத் தேடுறாரு. இது வயசா, வியாதியா?

சாவியைத் தேடுவது மட்டும் இருந்தால் பெரும்பாலும் வயது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று யோசிப்பதும், தேடிக் கிடைத்ததையே மறந்து மறுபடி தேடுவதும், ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் நான்கைந்து முறை கேட்பதும் கவனிக்க வேண்டியவை.

சோதனையில் இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெண்டைக்காய், சைக்கிள், கோபுரம் என்று மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, வேறு பேச்சுக்குப் போய்விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்போம். வயதால் மறந்தவர், “ஒன்று காய்கறி” என்று எடுத்துக்கொடுத்த உடனே “வெண்டைக்காய்” என்று சொல்லிவிடுவார். அல்சைமர் உள்ளவருக்கு அந்தக் குறிப்பு உதவுவதில்லை, கத்தரிக்காய் என்று தோன்றியதைச் சொல்வார், அல்லது “எப்பச் சொன்னீங்க?” என்று நம்மையே கேட்பார். முதலாமவரிடம் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தாமதம். இரண்டாமவரிடம் அது பதியவே இல்லை. இந்த வேறுபாடு பின்னால் பல இடங்களில் வரும்.

பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே மெதுவாகச் சேர்ந்த இரத்தம், சில தூக்க மாத்திரைகள், சிறுநீர் அடக்கத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. ஆகவே இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யாமல் அல்சைமர் என்று முடிவு கட்டக் கூடாது.

மூளைக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

இரண்டு புரதங்கள் இடம் மாறிச் சேர்கின்றன. அமைலாய்டு என்பது நரம்பு அணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்பது அணுவின் உள்ளே, வழக்கமாகச் செய்யும் வேலையை விட்டு, நூல் சிக்கலைப் போல முறுக்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் 1901-ஆம் ஆண்டு 51 வயதில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண் 1906-இல் இறந்தபின், அவருடைய மூளையில் இந்த இரண்டையும் கண்டு அதே ஆண்டில் அறிவித்தவர் அலோய்ஸ் அல்சைமர். நோய்க்கு அவர் பெயரை 1910-இல் சூட்டியவர் அவருடைய மூத்த மருத்துவர் கிரெப்பலின்.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியது இவை தொடங்கும் இடத்தையும் காலத்தையும். அமைலாய்டு மூளையின் மேற்புறப் பரப்பில் பல இடங்களில் படியத் தொடங்குகிறது. மறதி வெளியே தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அது ஆரம்பித்துவிடுகிறது. டௌ அப்படிப் பரவலாகத் தொடங்குவதில்லை. காதுக்கு உட்புறமாக உள்ள பக்கமடலின் அடியில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வாசலில் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குள் சென்று, பிறகு பக்கமடல், பின்மேல் மடல், முன்மடல் என்று பரவுகிறது. வீட்டில் எந்தத் திறன் எப்போது போகிறது என்பது அமைலாய்டின் அளவைவிட டௌ போகும் பாதையைத்தான் பெரும்பாலும் பின்தொடர்கிறது.

மதுரையில பாத்த டாக்டர் ஆரம்பக் கட்டம்னாரு. சென்னையில ‘ஸ்டேஜ் 4’னு எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு மாசத்துல அவ்வளவு முத்திருச்சா?

முற்றவில்லை. இருவரும் ஒன்றையே சொல்லியிருக்கக் கூடும். புற்றுநோயில் நான்காம் கட்டம் என்றால் கடைசி என்று நாம் பழகியிருப்பதால், அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வருகிறவர்களைப் பார்க்கிறேன். பேரி ரைஸ்பர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1982-இல் வகுத்த அளவுகோலில் ஏழு கட்டங்கள் உண்டு. முதலாவது எந்தக் குறையும் இல்லாத நிலை; மூன்றாவது லேசான குறைபாடு; நான்காவதுதான் டிமென்ஷியாவின் தொடக்கம்.

சி.டி.ஆர். என்ற இன்னோர் அளவுகோலில் 0, 0.5, 1, 2, 3 என்று எண்கள் வரும். அதில் 1 தொடக்கக் கட்டம், 2 நடுக்கட்டம், 3 முற்றிய கட்டம். இவை இரண்டும் ஆளின் நடவடிக்கையைப் பார்த்து எழுதப்படுபவை. ஜெர்மானிய மூளை ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் 1991-இல் வகுத்த ஆறு கட்டங்கள் வேறு. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்து, டௌ எதுவரை பரவியிருக்கிறது என்று குறிப்பவை அவை. முதல் இரண்டு கட்டங்களில் டௌ ஹிப்போகாம்பஸின் வாசலிலும், மூன்று, நான்கில் ஹிப்போகாம்பஸிலும் அதைச் சுற்றியும், ஐந்து, ஆறில் மேற்புறப் பரப்பு முழுவதும் இருக்கும். பிராக் கணக்கில் முதலிரண்டு கட்டங்களில் இருப்பவர் பெரும்பாலும் நம்முடன் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். எனவே ஒரு எண்ணைக் கேட்டால், எந்த அளவுகோலின் எண் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அம்பது வருஷத்துக்கு முந்தி அழகர் ஆத்துல இறங்கினப்ப யார் யார் கூட வந்தாங்கன்னு சொல்றாங்க. காலையில சாப்பிட்டது தெரியலங்குறாங்க. எங்கள ஏமாத்துறாங்களா?

ஏமாற்றவில்லை. புதிய நிகழ்வைப் பதியவைக்க ஹிப்போகாம்பஸ் தேவை. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்பட்ட பழைய நினைவுகள் மூளையின் மேற்புறப் பரப்பில் பரவலாகத் தங்கியிருப்பதால், அதன் உதவி குறைவாக இருந்தாலும் வெளியே வரும். தொடக்கக் கட்டத்தில் பெரிதும் அடிபடுவது ஹிப்போகாம்பஸ்தான். நோய் கண்டறியப்படும் காலத்திலேயே அது கண்கூடாகச் சுருங்கியிருக்கும். அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 விழுக்காடு சுருங்கும். அதே வயதில் நோயில்லாதவருக்கு இந்தச் சுருக்கம் ஒன்று, ஒன்றரை விழுக்காட்டளவில் நிற்கும். காலையில் சாப்பிட்ட இட்லி, முன்பு சொன்ன வெண்டைக்காயைப் போல, உள்ளே பதியவே இல்லை. “நல்லா யோசிச்சுப் பாருங்க” என்று நெருக்குவதால் பயனில்லை.

இந்தக் கட்டத்தில் சொல் கிடைக்காமல் “அது, இது” என்று பேசுவதும், வங்கிக் கணக்கு, வட்டிக் கணக்கு, பெரிய விருந்துக்குச் சமைப்பது போன்ற பல படிகள் கொண்ட வேலைகளில் தடுமாறுவதும் சேர்ந்து வரும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது பெரும்பாலும் தாமாகவே நடக்கும். அதனால்தான் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் பேசிவிட்டு “நல்லாத்தானே பேசுறாங்க” என்று சொல்கிறார்கள்.

மேல மாசி வீதியிலேயே பொறந்து வளந்தவரு. வீட்டுக்கு வழி தெரியாம நிக்கிறாரு. அது எப்படி?

நோய் நடுக்கட்டத்துக்குப் போவதன் அடையாளங்களில் இது ஒன்று. இடத்தையும் திசையையும் கணிப்பது தலையின் பின்மேல் மடலின் வேலை; டௌ அங்கே சேர்ந்து, அந்தப் பகுதி சர்க்கரையைப் பயன்படுத்துவதும் குறைந்துவிடுகிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று சதுரம் சதுரமாக அமைந்த நம் வீதிகளில், எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம் என்பதை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கத் தெரிந்தால்தான் வீடு சேர முடியும். அந்தச் சுழற்றல்தான் போய்விட்டது. கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் தொலைந்துபோகிறவர் வெகுதூரம் போய்விடுவார். சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைப்பதைத் தொடக்கக் கட்டத்திலேயே பழக்குங்கள்.

சட்டையைத் தலைகீழாக மாட்டுவது, கடிகாரப் படத்தில் எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுவது, சில்லறை எண்ணத் தடுமாறுவது ஆகியவையும் இந்த மடல் சார்ந்தவை. சிலருக்கு நோய் முதலிலேயே இந்தப் பின்பகுதியில் தொடங்கி, நினைவு நன்றாக இருக்கும்போதே பார்வை தொடர்பான குழப்பம் வந்துவிடும். அவர்கள் கண் மருத்துவமனைக்கு அலைந்து, கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நகைய மருமக எடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்றாங்க. குணமே மாறிப்போச்சே?

நடுக்கட்டத்தில் அடிக்கடி கேட்கும் குறை இது. பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசிப் பானைக்குள் தாமே வளையலை ஒளித்துவைக்கிறார், வைத்தது பதியவில்லை. வளையல் காணோம் என்பது மட்டும் தெரிகிறது. ‘நான்தான் வைத்து மறந்திருப்பேன்’ என்று தன்னைத்தானே சந்தேகிக்க முன்மடல் வேண்டும். அங்கும் நோய் எட்டிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே விளக்கம்: யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் எப்போதும் கூட இருப்பவர் மருமகள் என்பதால் பழி அவர்மேல் விழுகிறது. வாதாடி நிரூபிப்பதைவிட, கூடச் சேர்ந்து தேடிக் கொடுப்பது வேலை செய்கிறது. பெற்ற மகளை “அக்கா” என்று அழைப்பதும், இறந்துபோன தன் தாயைத் தேடுவதும் இதே கட்டத்தில் வருபவை; அவர் தன்னை இளம்பெண்ணாக நினைத்துக்கொண்டிருக்கும்போது ஐம்பது வயதுப் பெண் எப்படி மகளாக இருக்க முடியும்?

கடைசிக் கட்டத்துல என்ன ஆகும்? மறைக்காமச் சொல்லுங்க.

பேச்சு சில சொற்களாகச் சுருங்கும். நடை, பிறகு உட்காரும் திறன், பிறகு விழுங்கும் திறன் குறையும். சிறுநீர், மலம் அறியாமல் போகும். இயல்பாக 1,300 கிராம் அளவில் இருக்கும் மூளை சிலருக்கு 1,000 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது இறப்புக்கு முக்கியக் காரணம். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கூழ்ப் பதத்தில், சிறுகரண்டியால், அவசரமில்லாமல் ஊட்ட வேண்டும். படுத்த நிலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பேரு சொல்லத் தெரியல. ஆனா பஜனைப் பாட்டு பிசகாமப் பாடுறாங்களே?

நோய் எல்லாப் பகுதிகளையும் ஒரே வேகத்தில் தொடுவதில்லை. கைகால் அசைவை இயக்கும் பகுதி, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் முதலில் வாங்கும் பகுதிகள், சிறுமூளை ஆகியவை கடைசிவரை ஓரளவு தப்பிக்கின்றன. நெடுநாள் பழகிய பாட்டின் நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் அப்படித் தாமதமாகவே பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பூக்கட்டிப் பழகிய கை, நார் கிடைத்தால் நடுக்கட்டத்திலும் கட்டும். எத்தனை முழம் கட்டியாயிற்று என்பதுதான் தெரியாது.

அம்மாவுக்கு மல்லிகைப் பூ மணமே தெரியலயாம். இதுவும் அந்த நோயா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மணத்தை உணரும் பாதை, டௌ தொடங்கும் அதே வாசலை ஒட்டிச் செல்வதால், அல்சைமரின் தொடக்கத்திலேயே மணங்களைப் பிரித்தறிவது குறைகிறது. ஆனால் வயது, சைனஸ், கோவிட், பார்கின்சன் நோய் ஆகியவற்றாலும் அது குறையும். இதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்; மறதியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

ஸ்கேன்ல மூளை சுருங்கிருக்குன்னு எழுதியிருக்கு. ஆளு தெளிவா இருக்காரு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லயாம், ஆளே தெரியல. எதை நம்புறது?

இரண்டையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும். சாதாரண எம்.ஆர்.ஐ. சுருக்கத்தைக் காட்டும், அமைலாய்டையோ டௌவையோ காட்டாது. வயதாக ஆக எல்லோருடைய மூளையும் சுருங்குகிறது. ஆகவே, ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை தரப்படும் மதிப்பில், 2 என்பது 75 வயதுக்குக் கீழே சந்தேகத்துக்குரியது. 75-ஐத் தாண்டியவருக்கு அது இயல்பாகவே கருதப்படலாம்.

நோயின் அளவும் அறிவின் அளவும் நேருக்கு நேர் பொருந்தாது என்பதற்கு நல்ல சான்று, அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கி 678 கன்னியாஸ்திரிகளிடம் நடத்திய ஆய்வு. 101 வயது வரை வாழ்ந்து சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு சகோதரியின் மூளையில், இறந்தபின் பார்த்தபோது, அமைலாய்டும் டௌவும் நிறைய இருந்தன. இன்னும் அருகில், ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்தது, பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசும் மதுரைக் குடும்பங்கள் இதைக் கேட்டு மகிழ்கின்றன. மகிழட்டும், ஆனால் இது நோயைத் தடுப்பதில்லை, வெளியே தெரிவதைத்தான் தள்ளிப்போடுகிறது. நோயை ஈடுகட்டும் இத்தகைய அறிவுக் கையிருப்பு உள்ளவருக்கு அறிகுறி தெரியத் தொடங்கும்போது உள்ளே நோய் வெகுதூரம் போயிருக்கும் என்பதால், அதன்பின் சரிவு வேகமாகத் தோன்றலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இருப்பது வேறு வகை டிமென்ஷியாவாகவோ, முதல் பதில்களில் சொன்ன சரிசெய்யக் கூடிய காரணமாகவோ இருக்கலாம்.

டெஸ்ட்ல 30-க்கு 19 வந்துச்சு. அம்மா பள்ளிக்கூடமே போனதில்ல. ஃபெயிலா?

எம்.எம்.எஸ்.இ. என்ற அந்தச் சோதனையில் பொதுவாக 21 முதல் 26 வரை தொடக்கம், 10 முதல் 20 வரை நடுக்கட்டம், 10-க்குக் கீழே முற்றிய நிலை என்று கொள்வார்கள். அந்த எல்லைகள் பள்ளிக்குப் போனவர்களை வைத்து வகுக்கப்பட்டவை. ஒரு வாக்கியம் எழுது, ஐங்கோணத்தைப் பார்த்து வரை என்றால், பென்சிலே பிடிக்காதவர் நோயில்லாமலே மதிப்பெண் இழப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே 1990-களில் இந்தியில் ஒரு சோதனை உருவாக்கப்பட்டதற்கு இதுதான் காரணம்.

தேதி கேட்டால் “ஆவணி பொறந்து அஞ்சு நாளாச்சு” என்பார் வாடிப்பட்டிப் பாட்டி; காலண்டரில் சரிபார்த்து நான் முழு மதிப்பெண் போடுவேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் விழிப்பவர், மாட்டுத்தாவணியில் பூ விற்றவராக இருந்தால், “நூறு ரூபாய் குடுத்து ஏழு ரூபாய்க்கு வாங்குனா மிச்சம்?” என்று கேட்ட நொடியில் 93 என்பார். உங்கள் அம்மாவின் 19-ஐ ஆறு மாதம் கழித்து அவருடைய அடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். வேறொருவரின் 24-ஓடு ஒப்பிட வேண்டாம். வீட்டில் என்ன செய்வதை நிறுத்தினார் என்பது இந்த எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

வருஷத்துக்கு எவ்வளவு குறையும்?

தொடக்க, நடுக்கட்டங்களில் அந்தச் சோதனையில் சராசரியாக ஆண்டுக்கு 3 மதிப்பெண் அளவில் குறையும் என்பது பழைய கணக்கு. சிலருக்கு இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ அப்படியே நிற்கும். நோய் கண்டறிந்தபின் வாழும் காலமும் சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள். 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. 65 வயதுக்கு முன்பே வருபவர்களிடம் பெரும்பாலும் வேகம் அதிகம்.

போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தாங்க. ரெண்டே நாள்ல ஆளே மாறிட்டாங்க. அடுத்த ஸ்டேஜா?

இல்லை, அல்சைமர் இரண்டு நாளில் கட்டம் மாறாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீரோ உப்போ குறைவது, சர்க்கரை இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கீழே விழுந்து தலையில் அடி, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ‘நோய் முத்திவிட்டது’ என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

மாத்திரை போட்டா திரும்புமா? புதுசா ஊசி வந்திருக்காமே?

இறந்த நரம்பணுவைத் திருப்பும் மருந்து இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகியவை, நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் காக்கின்றன. சிலருக்குச் சில மாதங்கள் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். மெமான்டின் நடுக்கட்டத்துக்கும் முற்றிய கட்டத்துக்கும் உரியது.

புதிய ஊசிகளான லெகனெமாப் 2023-லும் டொனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை அமைலாய்டை அகற்றுகின்றன. லெகனெமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது, சரிவு நிற்கவில்லை. லேசான குறைபாடு, தொடக்கக் கட்டம் ஆகிய இரண்டுக்கு மட்டுமே இவை தரப்படுகின்றன. காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது: நடுக்கட்டத்தில் டௌ பரவிவிட்டது, அணுக்கள் இறந்துவிட்டன, அமைலாய்டை எடுத்தும் பெரிய பயனில்லை. மூளையில் வீக்கமோ நுண்ணிய இரத்தக்கசிவோ வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். நிலத்தை விற்று நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு ஊசி போட நினைக்கும் பிள்ளைகளிடம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்க அந்தப் பணத்தைச் செலவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவுக்கு வந்துருச்சு. எனக்கும் வருமா? இப்பவே டெஸ்ட் எடுக்கலாமா?

அம்மாவுக்கு 65 வயதுக்குப் பின் வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம், அவ்வளவே. ஏ.பி.ஓ.இ.4 என்ற மரபணு வாய்ப்பைக் கூட்டும். அது இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். 40, 50 வயதுகளிலேயே, தலைமுறை தோறும் வரும் குடும்பங்கள் மிகச் சில. அவர்களுக்குத்தான் மரபணு ஆலோசனை அவசியம். டௌவுக்கும் அமைலாய்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது அறிகுறி உள்ளவர்களுக்கானது. அறிகுறி இல்லாத உங்களுக்கு அதன் முடிவு, 15 ஆண்டுகள் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர இன்றைக்கு எதற்கும் பயன்படாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், புகை, மது, உடலசைவின்மை, தனிமை என மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சேர்த்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டுக்கு அவை பொறுப்பு என்பது லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024-இல் வெளியிட்ட கணிப்பு. காது கேட்கும் கருவியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

எந்த ஸ்டேஜ் வரைக்கும் பத்திரத்துல கையெழுத்து செல்லும்?

எந்தக் கட்டம் என்று சட்டம் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, கையெழுத்திடும் நேரத்தில் அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா என்பதைத்தான் கேட்கிறது. உயிலுக்கும், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, எழுதும் நேரத்து மனநிலைதான் அளவு.

ஆகவே 30-க்கு 19 என்பதோ ‘ஸ்டேஜ் 4’ என்பதோ மட்டும் ஒருவரின் உரிமையைப் பறிக்காது. 23 வாங்கியவர் என்பதால் அவர் கையெழுத்து செல்லும் என்றும் உறுதி இல்லை, ஏனென்றால் அந்தச் சோதனை முன்மடலின் சீர்தூக்கும் திறனை அதிகம் தொடுவதே இல்லை. மருத்துவர் அவரிடம் தனியாகப் பேசி, என்னென்ன சொத்து இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறார், ஏன், கொடுத்தபின் தான் எங்கே இருப்பார் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே தேதியிட்டு எழுதிவைப்பார். தொடக்கக் கட்டத்தில் இதைச் செய்ய முடிகிறவர்கள் பலர். நடுக்கட்டத்தில் சிலருக்கு, சிறிய முடிவுகளுக்கு மட்டும் முடியும். பெரியவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து இந்தச் சான்றிதழைக் கேட்பவர்களிடம், அவரையும் உள்ளே அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.